செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் ஆறடி ரீஃப் தொட்டி: கட்டுவதும் குழாய் இழுப்பதும்

பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டிதான் ரீஃப் தொட்டி. அதைச் சுவர்த் திறப்பின் வழியே பார்க்கும்படி வைப்பது சுவர்த் தொட்டி. சுவர்த் தொட்டி என்றதும், தொட்டி சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே பலர் கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். செட்டிநாட்டு வீட்டில் அப்படிச் செய்தால் முதலில் கெடுவது சுவர்தான். தொட்டி பின்னறையில் தன் சொந்தக் காலில், தன் சொந்த அஸ்திவாரத்தில் நிற்க வேண்டும். சுவர் அதற்கு வெறும் சட்டம். பாரம், ஈரம், உப்பு மூன்றில் ஒன்றுகூடச் சுண்ணாம்புச் சுவரைத் தொடக் கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொரு அளவுக்கும் காரணம் இதுதான்.

கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் தொட்டி: நீளம் 72 அங்குலம், அகலம் 30, உயரம் 24. மேலிருந்து வழியும் தண்ணீர் இறங்கிச் சுத்தமாகித் திரும்பும் கீழ்த் தொட்டியான சம்ப் 48 × 18 × 18 அங்குலம். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக, இரண்டிலும் சேர்த்து ஓடும் தண்ணீர் ஏறக்குறைய 800 லிட்டர். தண்ணீர், கண்ணாடி, கல், மணல், இரும்பு ஸ்டாண்டு சேர்ந்து தொட்டி மட்டும் 1,100 கிலோவைத் தாண்டும். வீட்டு மாடித் தளங்களுக்கு இந்தியத் தரக் கணக்கில் சதுர மீட்டருக்கு 200 கிலோதான் பயன்பாட்டுப் பாரம். இந்தத் தொட்டி அதைப்போல நான்கு மடங்கு அழுத்தும். எனவே மாடி வேண்டாம். தரைத்தளம்தான்.

இடமும் சுவரும்

உட்காரும் கூடமான பட்டாலைக்கும் அதன் பின்னால் உள்ள அறைக்கும் நடுச்சுவர் நல்ல இடம். முன்னால் உட்கார்ந்து பார்க்கலாம், பின்னறை முழுவதையும் மீன் அறையாக்கலாம். நடுமுற்றப் பகுதியான வளவை ஒட்டிய சுவர் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முற்றத்து வெயில் நேரே கண்ணாடியில் விழுந்தால் பாசியோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பின்னறைக்கு வெளிச்சுவர் ஒன்று கட்டாயம் வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனும், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் குழாயும் அந்தப் பக்கமாகத்தான் வெளியே போகும்.

அடுத்து சுவர் எந்த வகை என்று பாருங்கள். பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் தூண் கட்டடம் என்றால், 9 அங்குலச் செங்கல் சுவர் பெரும்பாலும் மறைப்புச் சுவர்தான். லிண்டல் போட்டுத் திறந்துவிடலாம். பழைய கட்டடத்தில் ஒன்றரை அடி, இரண்டடி கனமுள்ள சுண்ணாம்புச் சுவர் மேலே செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த மெட்ராஸ் டெரஸ் தளத்தையும் தேக்கு உத்திரங்களையும் தாங்கி நிற்கிறது. அதில் ஆறடி ஓட்டை போடுவது கட்டடப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு மட்டுமே. அவர் ஒத்துக்கொண்டாலும் ஒரே மூச்சில் உடைக்க விடாதீர்கள். இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, சுவரின் பாதிக் கனத்தை மட்டும் வெட்டி, அந்தப் பாதிக்கு ஐ-செக்‌ஷன் இரும்பு உத்திரத்தை ஏற்றி, அது சுமையை வாங்கிய பிறகே மறுபாதியைத் தொட வேண்டும். இரு முனையிலும் குறைந்தது 9 அங்குலம் சுவரில் பதியட்டும். உத்திரத்தின் அளவைப் பொறியாளர் சொல்லட்டும், மேஸ்திரி அல்ல.

இதைவிட நல்ல வழி ஒன்று பல வீடுகளில் கண்ணெதிரே இருக்கிறது. அறைகளுக்கு நடுவே அடைத்துக் கிடக்கும் பழைய கதவோ ஜன்னலோ இருந்தால், அங்கே நிலை இருக்கிறது, மேலே சுமை தாங்கும் அமைப்பும் இருக்கிறது. ஆறடித் தொட்டியில் மூன்றரை அடிதான் முன்னால் தெரியும் என்றாலும், சுவரை வெட்டாமல் வேலை முடிகிறது. பழைய வீட்டுக்கு நாங்கள் இதைத்தான் சொல்வோம்.

புதிதாகத் திறப்பதென்றால் திறப்பின் அளவு 68 × 20 அங்குலம் இருக்கட்டும். கண்ணாடியின் ஓரம், மணலின் வெட்டுமுகம், மேலே நீர்மட்டக் கோடு மூன்றும் சட்டத்துக்குள் மறைந்துவிடும். கனமான சுவரில் பக்கவாட்டை நேராக வெட்டினால் தொட்டி குகைக்குள் இருப்பதுபோல் தெரியும். பட்டாலைப் பக்கம் விரிவாகவும் தொட்டிப் பக்கம் குறுகலாகவும் சாய்த்துப் பூசச் சொல்லுங்கள். பூச்சு சுண்ணாம்பிலேயே இருக்கட்டும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச்சை ஏற்றினால் உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பக்கத்துப் பழைய பூச்சைத் தள்ளிவிடும். தொட்டிக்கு நேரே படும் உள்விளிம்புகளில் மட்டும் டபிள்யூ.பி.சி. பலகை (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது) வைத்து மூடுங்கள்.

தேக்குச் சட்டம் திருகில் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே 15 எம்.எம். இடைவெளி விட்டு, கறுப்பு ஃபோம் பட்டை வைத்து அடையுங்கள். அங்கே சிலிக்கான் போட்டால் நாளைக்குத் தொட்டியை வெளியே எடுக்கச் சுவரைத்தான் உடைக்க வேண்டும். வெளியே எடுப்பது பற்றிச் சொல்கையில் இதையும் பார்த்துவிடுங்கள்: அறைக் கதவின் உள் அகலம் என்ன? உள்ளறைக் கதவுகள் குறுகலாகவும் நிலை தாழ்வாகவும் இருப்பதுண்டு. தொட்டியைச் சாய்த்தால் 24 அங்குலம். பிடித்திருக்கும் கைகளுக்கும் சேர்த்து 30 வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியை அறைக்குள் கொண்டுபோய் அங்கேயே ஒட்ட வேண்டியதுதான்.

தளம், ஸ்டாண்டு, கண்ணாடி

பழைய தரைகள் சமமாக இருப்பதில்லை. மட்டக்குழாய் வைத்துப் பார்த்தால் ஆறடிக்குள் ஒரு விரல்கடை வித்தியாசம் வருவது சாதாரணம். ஆத்தங்குடிக் கல்லின் மேல் நேரே ஸ்டாண்டை வைக்க வேண்டாம். கற்களை முழுசாகப் பெயர்த்துப் பத்திரப்படுத்திவிட்டு, கம்பி கட்டி 6 அங்குலக் கான்கிரீட் மேடை போடுங்கள். மேடைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலம் விட்டுத் தெர்மாகோல் வைத்தால் பாரம் சுவர் அஸ்திவாரத்தில் சாயாது. மீன் அறையின் மற்றத் தரைக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ், நடுவில் ஒரு தரை வடிகால். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டும் மணலும் சாயமும் சேர்ந்தது. உப்புத் தண்ணீர் ஊறினால் வெள்ளையாகப் பூத்துவிடும். பம்ப் கழுவும் வினிகர் சிந்தினால் பளபளப்பே அரிக்கும்.

ஸ்டாண்டுக்கு 50 × 50 × 3 எம்.எம். பாக்ஸ் பைப், ஆறு கால், உயரம் 34 அங்குலம். நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தொட்டியின் நடுப்பகுதி வரும். வெல்டிங் முடிந்ததும் எபாக்ஸி பிரைமர் ஒரு கோட், மேலே பி.யூ. பெயின்ட் இரண்டு கோட். வெல்டிங் மூட்டுகளின் அடிப்பக்கத்தில்தான் பெயின்ட் ஏறாமல் விட்டுப்போகும், துருவும் அங்கேதான் ஆரம்பிக்கும். ஸ்டாண்டைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். மேலே 19 எம்.எம். மரைன் பிளைவுட், அதன் மேல் 10 எம்.எம். ஃபோம் ஷீட். மட்டம் 2 எம்.எம்.முக்குள் வந்தாக வேண்டும். மட்டம் சரிசெய்யும் தகட்டை இரும்புக் காலுக்கு அடியில் கொடுங்கள், கண்ணாடிக்கு அடியில் அல்ல.

கண்ணாடி பக்கங்களுக்கு 15 எம்.எம்., அடிக்கு 19 எம்.எம்., மேலே சுற்றிலும் 4 அங்குல யூரோ பிரேஸ், அதாவது தாங்கும் கண்ணாடிப் பட்டை. முன்கண்ணாடி மட்டும் எக்ஸ்ட்ரா கிளியராக இருந்தால் போதும். பச்சை நிறம் தட்டாது. பின்கண்ணாடியில் துளை போடுவதால் சூடேற்றிக் கெட்டிப்படுத்திய டஃபன்ட் கண்ணாடி ஆகாது, துளை போடும்போதே நொறுங்கும். சிலிக்கானில் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்த பாத்ரூம் வகையைத் தவிர்த்துவிடுங்கள். ஒட்டியபின் ஒரு வாரம் காயட்டும்.

வழிவும் மூன்று குழாயும்

தொட்டியின் அடியில் துளை வேண்டாம். பின்கண்ணாடியின் மேல்பகுதியில், சம்ப் இருக்கும் ஓரமாக, உள்ளே 60 செ.மீ. நீளம், 8 செ.மீ. ஆழம் கொண்ட மெலிந்த வழிவுப் பெட்டி. அதன் விளிம்பு தொட்டியின் மேல் ஓரத்துக்கு 5 செ.மீ. கீழே. கண்ணாடியில் மூன்று துளை வழியாகத் தண்ணீர் வெளிப்பெட்டிக்குப் போகும். அது 60 × 15 × 30 செ.மீ. உள்ளே இருப்பது கறுப்புக் கண்ணாடியாக இருந்தால் பட்டாலையிலிருந்து பார்ப்பவருக்குக் கண்ணில் படாது.

துளை போடுமுன், அதில் குழாயைப் பொருத்தும் டேங்க் நிப்பிளைக் கையில் வாங்கி அளந்துவிடுங்கள். ஒன்றரை அங்குல நிப்பிள் என்று சொன்னாலும் கம்பெனிக்குக் கம்பெனி கழுத்தின் விட்டம் மாறும். துளையின் ஓரத்துக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் நடுவே துளையின் விட்டமளவாவது இடம் விடுங்கள். நிப்பிளின் ரப்பர் வாஷர் தலைப்பக்கம், அதாவது தண்ணீர் இருக்கும் பக்கம் வர வேண்டும். சிலிக்கான் தடவ வேண்டாம். கையால் இறுகும்வரை திருகி, பிறகு கால் சுற்று, அவ்வளவுதான். பைப் ரெஞ்ச் போட்டு முறுக்குகிற பிளம்பரைக் கண்ணாடியின் பக்கமே விடாதீர்கள்.

வெளிப்பெட்டியின் அடியிலிருந்து மூன்று ஒன்றரை அங்குலக் குழாய்கள் இறங்கும். மூன்றும் மூன்று உயரம்.

முதலாவது 10 செ.மீ. உயரத்தில் வாய் வைத்த முழு சைஃபன், அதாவது காற்றில்லாமல் தண்ணீர் நிறைந்து இழுக்கும் குழாய். இதில் மட்டும் கேட் வால்வ். பால் வால்வில் நுணுக்கமாகத் திருப்ப முடியாது. இதன் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் 2.5 செ.மீ. மட்டுமே மூழ்கட்டும், அதற்கு மேல் ஆழ்த்தினால் குழாய்க்குள் அடைபட்ட காற்று வெளியேறாமல், பம்ப் ஓடத் தொடங்கியதும் சைஃபன் பிடிக்காமல் தடுமாறும்.

இரண்டாவது 20 செ.மீ. உயரத்தில். சைஃபனுக்கு மிஞ்சும் தண்ணீர் இதில் ஒரு நூல்போல் வழிந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது 25 செ.மீ. உயரத்தில், எப்போதும் வறண்டு கிடக்கும் அவசரக் குழாய். இதன் கீழ்முனையைச் சம்ப் நீர்மட்டத்துக்கு மேலேயே நிறுத்துங்கள். இதில் தண்ணீர் விழுந்தால் அறை முழுக்கச் சத்தம் கேட்கும், எங்கோ அடைப்பு என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டு, மூன்றில் வால்வே போடக் கூடாது.

குழாய் திரும்பும் இடங்களில் 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45. சம்ப் பக்கவாட்டில் இருப்பதால் படுக்கையாகப் போகும் பகுதி வரும். அங்கே நல்ல சரிவு கொடுங்கள்.

குழாய் வாங்கும்போது இரண்டு விஷயம். முதலாவது அளவு. காரைக்குடி, தேவகோட்டை ஹார்டுவேர் கடைகளில் விவசாயத்துக்குப் போகும் சாம்பல் நிற பி.வி.சி. பைப் மில்லிமீட்டர் கணக்கு. வீட்டு வேலைக்கு வரும் வெள்ளை யூ.பி.வி.சி. அங்குலக் கணக்கு. 50 எம்.எம். பைப்பும் ஒன்றரை அங்குல பைப்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பின்னதன் வெளி விட்டம் 48 எம்.எம். சொச்சம். ஒன்றின் ஃபிட்டிங்கில் மற்றதைச் சொருகி, ஒட்டும் பசையான சால்வென்ட்டை அதிகமாக ஊற்றிச் சமாளித்தால், அன்றைக்குச் சொட்டாது. சில மாதம் கழித்துச் சொட்டும். எல்லாவற்றையும் யூ.பி.வி.சி. ஷெட்யூல் 40 அல்லது 80 ஒரே வகையாக வாங்குங்கள்.

இரண்டாவது பித்தளை. நம் கடைகளில் திரெட் உள்ள சி.பி.வி.சி., யூ.பி.வி.சி. ஃபிட்டிங் பாதிக்கு மேல் பித்தளை வளையம் உள்ளே பதித்தது. பிளம்பர் அதுதான் உறுதி என்பார். வீட்டுக் குழாய்க்கு உண்மை. ரீஃப் தொட்டியில் அந்தப் பித்தளையிலிருந்து செம்பு கரைந்து இறால், நத்தை, பவளம் என்று முதுகெலும்பில்லாதவை ஒவ்வொன்றாகச் சாகும். பித்தளை கேட் வால்வ், ஜி.ஐ. நிப்பிள், பித்தளை ஃபுட் வால்வ் எதுவும் ஆகாது. ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் வெளிச்சத்தில் திருப்பி உள்ளே மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஒட்டும்போது முதலில் எல்லாவற்றையும் ஒட்டாமல் பூட்டி, மூட்டுதோறும் மார்க்கரால் கோடு. பிறகு கழற்றி, பிசிறு சீவி, கிளீனர் தடவி, இருபுறமும் சால்வென்ட் பூசி, கால் திருகில் கோட்டுக்குக் கோடு சேர்த்து அரை நிமிடம் பிடியுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் விட வேண்டாம். பம்ப், கேட் வால்வ், சில்லர் மூன்றின் இருபுறமும், கழற்றி மாட்டும் மூட்டான யூனியன் கட்டாயம்.

திரும்பும் குழாயும் சம்ப் கணக்கும்

சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் மணிக்கு 6,000 முதல் 8,000 லிட்டர் என்று எழுதியது எடுங்கள். உயரமும் வளைவும் தின்றது போகக் கையில் 4,000 வரும், தொட்டிக்கு அது போதும். அலைக்கு வேவ்மேக்கர் தனி. ரிட்டர்ன் குழாய் ஒன்றேகால் அங்குலம். தொட்டியின் மேல் ஓரத்தைத் தாண்டி உள்ளே இறங்கட்டும்.

மின்சாரம் நின்றதும் இந்தக் குழாயே தலைகீழ் சைஃபனாகித் தொட்டித் தண்ணீரைச் சம்ப்பில் கொட்டும். குழாயில் துளை போட்டால் காற்று புகுந்து நிற்கும் என்பார்கள். நியாயம்தான், ஆனால் அந்தத் துளையைப் பாசி அடைத்துவிடும். நான்-ரிட்டர்ன் வால்வும் ஒரு நத்தைக் குஞ்சு மாட்டினால் மூடாது. நம்பக்கூடியது ஒன்றே: ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்கு 2.5 செ.மீ. கீழே மட்டும் வையுங்கள்.

இந்தத் தொட்டியில் ஒரு செ.மீ. தண்ணீர் இறங்கினால் 13 லிட்டர். 2.5 செ.மீ.க்கு 33 லிட்டர். வழிவுப் பெட்டி, குழாய்களில் இருப்பது 15க்கு மேல். ஆக 50 லிட்டர் சம்ப்புக்கு வரும். 120 × 45 செ.மீ. சம்ப்பில் அது 9 செ.மீ.க்கு மேல் ஏறும். ஓடும்போது சம்ப் நீர்மட்டம் 25 செ.மீ. என்று வைத்தால், நின்றதும் 35. மேல் ஓரம் 45. பத்து செ.மீ. மிச்சம்.

எதிர்த் திசையையும் போட்டுப் பாருங்கள். மூன்று வடிகாலும் அடைத்துக்கொண்டால் ரிட்டர்ன் அறையில் இருக்கும் தண்ணீர் மட்டும் மேலே போய், பம்ப் வறண்டு நிற்கும். 30 × 45 செ.மீ. அறையில் 20 செ.மீ. தண்ணீர் என்றால் 27 லிட்டர். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தானாக நீர் நிரப்பும் கருவியின் கேன் 25 லிட்டர். இரண்டும் சேர்ந்து 52. தொட்டியின் மேல் 5 செ.மீ. இடைவெளி 65 லிட்டரைத் தாங்கும். நிரப்பும் கருவியை நேரே ஆர்.ஓ. குழாயிலோ 200 லிட்டர் டிரம்மிலோ கோக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இந்த 13 லிட்டர் வித்தியாசம்தான்.

சம்ப்பில் முதல் அறை, நுரையில் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கு, தடுப்பின் உயரம் ஸ்கிம்மர் கேட்கும் மட்டத்துக்கு. நடு அறை கல்லுக்கோ பாசிக்கோ. கடைசி ரிட்டர்ன், ஆவியாகும் தண்ணீர் இங்கே மட்டும்தான் குறைந்து தெரியும்.

சூடு, ஈரம், கரன்ட்

தண்ணீர் 25 முதல் 27 டிகிரி. 30க்கு மேல் நின்றால் பவளம் வெளுக்கத் தொடங்கும். இந்த ஊர்ச் சித்திரை வைகாசிக்கு ஃபேன் மட்டும் தாங்காது. குறைந்தது அரை எச்.பி. சில்லர் வேண்டும், அறை ஓட்டுக்கூரையின் கீழ் என்றால் ஒன்று. சில்லரை மீன் அறைக்குள் வைத்தால் அது தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அறைக்கே திருப்பிக் கொடுக்கும். பின்கட்டு நிழலில் வெளியே வையுங்கள்.

கோடையில் நாளுக்கு 10 லிட்டர் ஆவியாவது சகஜம். அது எங்கே போகிறது? வழி விடாவிட்டால் பர்மாத் தேக்கு உத்திரத்துக்கும் சுண்ணாம்புக்கும்தான். வெளிச்சுவரில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டினால் ஓடுகிற சென்சாரோடு. காற்று உள்ளே வரக் கதவின் அடியில் சந்து. பட்டாலைப் பக்கம் ஃபோம் பட்டை இறுக்கமாக இருந்தால் உப்புக் காற்று முன்னே வராது.

மின்சாரத்துக்குத் தனி லைன், கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச். போர்டு தொட்டியின் பக்கத்துச் சுவரில், தொட்டிக்கு மேலோ கீழோ அல்ல. ஒயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏற வேண்டும், வழியும் துளி அங்கேயே சொட்டிவிடும். இன்வெர்ட்டரில் ரிட்டர்ன் பம்ப்பும் ஒரு வேவ்மேக்கரும் போதும். இரண்டும் சேர்ந்து 100 வாட் என்றால் 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி ஏறக்குறைய பத்து மணி நேரம் இழுக்கும். விளக்கும் சில்லரும் அதில் வேண்டாம்.

தண்ணீரும் உப்பும்

காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க இனிக்கும். தொட்டிக்கு அது பத்தாது. ஆர்.ஓ.வுக்குப் பின், மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் வைத்து, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) பூஜ்யம் காட்ட வேண்டும். சமையலறை ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் உப்பைத் திருப்பிக் கலக்கும் டி.டி.எஸ். கன்ட்ரோலரும் மினரல் கார்ட்ரிட்ஜும் இருக்கும். அவற்றைக் கழற்றாமல் அந்தத் தண்ணீர் உதவாது. வளவில் பிடிக்கும் மழைத்தண்ணீரை டி.ஐ. வழியாக விட்டுப் பயன்படுத்தலாம். ஆச்சி காலத்துச் செம்பு அண்டாவில் மட்டும் பிடித்து வைக்காதீர்கள்.

அடர்த்தி 1.025 முதல் 1.026. லிட்டருக்கு 37 கிராம் அளவில் ரீஃப் சால்ட், முதல் நிரப்புக்கு 30 கிலோ. கல்லுப்பில் சோடியம் குளோரைடைத் தவிர வேறொன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை எதுவும் வராது. தொண்டியிலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவரும் யோசனையும் வேண்டாம். பாக் விரிகுடாக் கரைத் தண்ணீர் கலங்கல், மழைக்காலத்தில் உப்பும் குறைந்துவிடும்.

கல், பவளம், சட்டம்

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்க முடியாது. அதோடு, பாறை கட்டும் கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. செத்த பவளக் கல்லை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கீழக்கரைப் பக்கமிருந்து ‘லைவ் ராக்’ (உயிர்கள் ஒட்டிய கடல் கல்) என்று யாராவது சாக்கில் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

மாற்று வழி எளிது. செராமிக் கல்லோ, வெள்ளை சிமென்ட் ஒரு பங்குக்கு நொறுக்கிய கிளிஞ்சல் மூன்று பங்கு சேர்த்து வார்த்த கல்லோ 60 கிலோ. வார்த்த கல்லை இரண்டு மாதமாவது தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவிட்டு, பி.எச். 8.4க்குக் கீழ் வந்த பிறகே தொட்டிக்கு. கல்லை அடிக்கண்ணாடியில் நிற்கவைத்துவிட்டு அப்புறம் மணல் போடுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால் மீன் தோண்டும்போது சரியும். மணல், அரகோனைட் என்னும் சுண்ணாம்பு மணல், 80 கிலோ. ஆற்று மணல், எம்-சாண்ட் வேண்டாம். உயிர்களில் மஷ்ரூம், ஜோவாந்தஸ், லெதர் போன்ற மென்பவளங்களோடு நில்லுங்கள். வாங்கும் கடையில் பில்லும் மூல ஆவணமும் கேட்டு வாங்கி வையுங்கள்.

உப்பு போடும் முன் சோதனை

வெறும் தண்ணீரில் தொட்டியை நிரப்பி மூன்று நாள். பிறகு பம்ப்பை ஓட்டி, இரண்டாவது குழாயில் நூல் அளவு வழியும்வரை கேட் வால்வை மெல்ல மெல்ல மூடுங்கள். ஒரு திருப்பத்துக்குப் பின் பத்து நிமிடம் காத்திருந்தால்தான் மட்டம் நிலைக்கும். மெயினை அணைத்துப் போட்டு, சம்ப் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் டேப் ஒட்டுங்கள். ஐந்தாறு முறை செய்தாலும் சைஃபன் தானாகவே பிடிக்க வேண்டும். அடுத்து கேட் வால்வை முழுக்க மூடுங்கள்: இரண்டாவது, மூன்றாவது குழாய் மட்டும் மொத்தத் தண்ணீரையும் வாங்குகிறதா? கடைசியாக மூன்றையும் துணியால் அடைத்து, பம்ப் வறளும்வரை விட்டு, தொட்டி வழிகிறதா என்று பாருங்கள். ஈரத் தரையைத் துடைப்பதில் முடியட்டும். உப்புத் தண்ணீராக இருக்கும்போது இந்தச் சோதனைக்கு மனசு வராது.

அம்மோனியா 2 பி.பி.எம். போட்டு நைட்ரஜன் சுழற்சி (பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது) நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம். மீன் அதற்கப்புறம்தான், ஒரு தடவைக்கு ஒன்றிரண்டாக.

தொட்டி ஓட ஆரம்பித்தபின் மாதம் ஒரு தடவை தேக்குச் சட்டத்தைக் கழற்றி ஃபோம் பட்டையைத் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் எங்கோ தெறிப்பு இருக்கிறது, ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மேலே கண்ணாடி மூடி விலகியிருக்கிறதா பாருங்கள். திறப்பின் கீழ்ப்பூச்சு விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தால் அது தெறிப்பு அல்ல, உப்பு சுவருக்குள் ஏறிவிட்டது. முதலில் வெளிப்பெட்டியின் நிப்பிளை, பிறகு எக்ஸாஸ்டை, கடைசியாக மேடைக்கும் சுவருக்கும் இடையே விட்ட அந்த ஓர் அங்குலத்தில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.